ரத்தம் நின்றுவிட்டது, மாத்திரையையும் நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. நான்கு மாதங்களுக்கு முன் கொலோனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) செய்து ‘அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்’ என்றார்கள். மெசலமின் மாத்திரை சாப்பிட ஆரம்பித்து ஆறு வாரத்தில் ரத்தப்போக்கு நின்றுவிட்டது. ஆனால் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமாம். 90 நாளில் வேரோடு அறுக்கும் சூரணம் இருக்கிறது என்று உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். மாறலாமா? வெளியே போகவும் பயமாக இருக்கிறது.

பதில்: மாறாதீர்கள்.

பெருங்குடலின் உட்புறச் சவ்வில் வரும் அழற்சி இது. மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். சில காலம் அடங்கும், பிறகு கிளம்பும். ரத்தம் நின்றதாலேயே உள்ளே புண் ஆறிவிட்டது என்று ஆகாது. அது மறுபடி கிளம்பாமல் பிடித்து வைத்திருப்பதுதான் மாத்திரையின் வேலை. ‘ஆயுள் முழுக்க’ என்று சொல்ல உங்கள் மருத்துவருக்கு நேரம் இருந்திருக்கிறது, ‘ஏன்’ என்று சொல்ல இல்லை. ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் என்று ஓட்டினால் இப்படித்தான். மிச்சத்தைச் சொல்ல ஆள் தேடி வந்துவிடுகிறார்கள்.

சூரணக்காரருக்குப் பிழைப்பே இந்த ஏற்ற இறக்கத்தில்தான். நோய் தானாகத் தணிகிற நேரம் பார்த்து டப்பா வந்து சேர்ந்தால், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. மறுபடி ரத்தம் வந்தால் ‘பத்தியம் தவறிவிட்டீர்கள்’ என்று பழி உங்கள் மேல். இன்னும் மோசம், பெயர்ச்சீட்டே இல்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது. சில வாரங்களில் பசி பிய்த்துக்கொண்டு வரும், முகம் உப்பும், தூக்கம் போகும். ‘மருந்து வேலை செய்கிறது’ என்பார்கள். பல வாரம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழவும் கூடும். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் வெட்கப்படாமல் டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள்.

வேரோடு அறுப்பது என்று ஒன்று உண்டா? ஒன்றே ஒன்று உண்டு. பெருங்குடலையும் மலக்குடலையும் முழுதாக எடுத்துவிடும் அறுவை சிகிச்சை. நோய் குடியிருக்கும் இடமே போய்விடுவதால் குடல் நோய் அதோடு தீரும். இது உங்கள் நோய்க்கு மட்டும். குரோன்ஸ் நோய் என்பது செரிமானப் பாதையில் எங்கு வேண்டுமானாலும் வரும் இன்னொரு அழற்சி; அதில் ஓரிடத்தை வெட்டினாலும் மறுபடி வரக்கூடும். உங்கள் நோயிலும், எடுத்த மலக்குடலுக்குப் பதிலாகச் சிறுகுடலை மடித்துப் பை போலத் தைத்தால் சிலருக்கு அந்தப் பையிலேயே அழற்சி வரும். பெரும்பாலும் மருந்துக்கு அடங்காதவர்களுக்கும், குடலில் புற்றுநோயின் அறிகுறி தெரிபவர்களுக்கும்தான் இந்த அறுவை சிகிச்சையைச் சொல்வோம். ஆறு வாரத்தில் அடங்கிய உங்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம். ‘ஆபரேஷன் இல்லாமலே நிரந்தரத் தீர்வு’ என்று விளம்பரம் வருவதால்தான் இவ்வளவு நீட்டினேன்.

‘ரத்தத்தில் 200 உணவுக்கு ஒவ்வாமை பார்க்கிறோம்’ என்று பேக்கேஜ் விற்பவர்களுக்கும் காசு அழாதீர்கள். அந்தப் பட்டியலை நம்பி ஒவ்வொன்றாக விலக்கி, எடை குறைந்து வந்து நிற்பவர்களைப் பார்த்து அலுத்துவிட்டேன். நிஜமாக விலக்க வேண்டியது வலி மாத்திரை. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையறா நோயைக் கிளப்பிவிடலாம். தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும்.

மூன்று வேளை மாத்திரை சலிப்பாக இருந்தால், ஒரே வேளையாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நோய் அடங்கியிருக்கும்போது பெரும்பாலும் முடியும். மலத்தில் மாத்திரையின் வெற்று ஓடு தெரிந்தால் பதற வேண்டாம், மருந்து உள்ளே இறங்கிவிட்டது. முழு மாத்திரையே அடிக்கடி வந்தால் சொல்லுங்கள். சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையை அவ்வப்போது எழுதித் தரச் சொல்லி நீங்களே கேளுங்கள். யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.

வெளியே போகும் பயம் புண் ஆறிய பிறகும் கொஞ்ச நாள் இருக்கும். ஒரு சின்னப் பையில் மாற்று உள்ளாடை, டிஷ்யூ, ஒரு பிளாஸ்டிக் கவர். பயணத்தில் நடைபாதை ஓர இருக்கை. அலுவலகத்தில் ஒரே ஒருவருக்கு விஷயம் தெரிந்தால் போதும், கூட்டத்தின் நடுவே எழுந்து போனால் அவர் பார்த்துக்கொள்வார். இந்த நான்கு மாதமாகத் தவிர்த்த இடங்களில் எது மிகப் பக்கமோ, முதலில் அங்கே போய் அரை மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள்.