நெல்லு வித்த பணம் கையில இருக்கே, அப்புறம் ஏன் மீட்கல?

கேள்வி: என் மருமக நாலு மாசமா முகம் குடுத்து பேசல. விவசாய செலவுக்கு அவ சங்கிலிய கூட்டுறவு சொசைட்டில அடகு வச்சோம், அஞ்சு பவுனுக்குள்ளதான். நெல்லு வித்த பணம் இருக்கு, ஆனா எலக்‌ஷன் வருது, தள்ளுபடி வந்துட்டா கட்டினவன் ஏமாளி ஆயிடுவான்னு விட்டு வச்சிருக்கோம். கவர்மெண்ட் காசுதானே, இதுக்கு இவ்ளோ கோவமா? அவள எப்படி சமாதானம் பண்றது?
ஒரு மாமியார், மன்னார்குடி பக்கம்

பதில்: அக்கா, சமாதானத்த அப்புறம் பாப்போம். நெல்லு வித்த பணம் இருக்குன்னு போற போக்குல எழுதிட்டீங்க பாருங்க, எனக்கு அதுக்கு மேல லெட்டர் ஓடல. பணம் இல்லாம மீட்க முடியலன்னா அது கஷ்டம், யாருக்கும் வரும். பணத்த வீட்டுல வச்சுக்கிட்டு அந்த பொண்ணு கழுத்துல கிடந்தத அடகுலயே விட்டு வச்சிருக்கீங்களே, அது தப்பு. அவளப் பெத்தவங்க போட்டு அனுப்பின நகை, உங்க வீட்டு சொத்து கிடையாது.

கவர்மெண்ட் காசுதானேங்கறீங்க. கவர்மெண்டுக்குன்னு தனியா ஏதுக்கா காசு? 2021 பிப்ரவரில 12,110 கோடி பயிர்க்கடன் தள்ளுபடி, செப்டம்பர்ல அஞ்சு பவுன் வரைக்கும் நகைக்கடன் தள்ளுபடி, சுமார் 6,000 கோடின்னாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஆகஸ்ட்ல நிதியமைச்சரா இருந்த பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை விட்டார், ஒவ்வொரு குடும்பத்து தலையிலயும் 2,63,976 ரூபாய் அரசாங்கக் கடன்னு. அதுல உங்க குடும்பமும் உண்டு, நாளைக்கு அத சுமக்கப்போறது உங்க பேரப்புள்ளைங்க.

நம்ம தமிழ்நாட்டோட 2025-26 பட்ஜெட்ல வருஷக் கடைசில மொத்த கடன் 9.29 லட்சம் கோடின்னு போட்டாங்க. வட்டி மட்டும் 70,000 கோடிக்கு மேல, ஆனா ரோடு, பாலம், ஆஸ்பத்திரி கட்டடம்னு நின்னு நிலைக்கிற மூலதனச் செலவுக்கு 57,000 கோடி சொச்சம்தான், அதாவது கட்டுறத விட வட்டி ஜாஸ்தி. அந்த வருஷம் 1.62 லட்சம் கோடி கடன் வாங்கறதாவும் பழைய கடனுக்கு 55,000 கோடி சொச்சம் திருப்பிக் கட்டுறதாவும் கணக்கு, நகைய மீட்டு அன்னைக்கே கூடுதல் பணத்துக்கு திருப்பி வைக்கிற மாதிரி. கடனே கூடாதுன்னு நான் சொல்லல, அணை கட்ட வாங்கு, ரயில் விட வாங்கு. சம்பளம், பென்ஷன், மானியம்னு அன்னாட செலவுக்கு வாங்காதேன்னுதான் சொல்றேன். வர்ற வரும்படிய விட அன்னாட செலவு ஜாஸ்தியாகறதத்தான் வருவாய் பற்றாக்குறைம்பாங்க, அத ஒழிக்கணும்னு 2003-லயே சட்டம் போட்டாச்சு, ஆனாலும் 2013-14ல இருந்து வருஷா வருஷம் பற்றாக்குறைதான், ரெண்டு கட்சி ஆட்சிலயும். இதுல அரசியல்வாதிய மட்டும் திட்ட எனக்கு மனசு வரல. கையில பணத்த வச்சுக்கிட்டு நீங்க காத்திருக்கீங்கன்னு தெரிஞ்சுதான அவங்க அறிவிக்கறாங்க.

ஏமாளி விஷயம். போன தடவ ஒழுங்கா கட்டி முடிச்சவங்களுக்கு ஒண்ணும் கிடைக்கல, அந்த வயித்தெரிச்சல் நியாயந்தான். ஆனா காத்திருந்தவங்க கதையும் கேளுங்க. 48 லட்சம் சொச்சம் நகைக்கடன்ல 35 லட்சத்துக்கு தகுதி இல்லன்னு தள்ளிட்டாங்க. நீங்க அந்த 35-ல வரமாட்டீங்கன்னு யார் சொன்னா? வட்டி ஏறி, தவணை தாண்டி, நகை முழுகிப்போனா உங்க மருமகளோட அப்பா அம்மாவுக்கு யார் பதில் சொல்றது?

சொசைட்டி திறந்ததும் பணத்த எடுத்துட்டு போங்க, யார் பேர்ல வச்சீங்களோ அவங்களையும் கூட்டிட்டு போங்க. சங்கிலிய வாங்கி உங்க கையாலயே அவகிட்ட குடுங்க. அடுத்த போகத்துக்கு பணம் வேணும்னா உங்க நகைய வைங்க. அதுக்கப்புறம் பேசுறதும் பேசாததும் அவ இஷ்டம்.