பைத்தான் நிரல்மொழியில் ‘கொடி’ என்ற சொல்லின் நீளம் ஏன் 4 என்று வருகிறது?

நமக்கு இரண்டு எழுத்து, பைத்தானுக்கு நான்கு. பிழை ஒன்றும் இல்லை. பைத்தான் 3-இல் நீளம் சொல்லும் லென் செயற்கூறு எண்ணுவது எழுத்துகளை அல்ல, யூனிகோட் குறியெண்களை, அதாவது ஒவ்வொரு குறிக்கும் யூனிகோட் தரும் எண்களை. க, ொ, ட, ி என நான்கும் தனித்தனிக் குறியெண்கள். இதையே, உரையைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறைக்கு மாற்றினால் 12 பைட். தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். அதனால் பைட் கணக்கில் சரத்தை (எழுத்துத் தொடரை) வெட்டவே வெட்டாதீர்கள். 10-ஆவது பைட்டில் வெட்டினால் ‘ி’ பாதியில் அறுந்து, திரும்பப் படிக்கும்போது பிழை வரும். சரத்தைத் திருப்பிப் போட்டாலும் கூத்துதான்: கொம்பும் காலும் ககரத்தை விட்டு டகரத்தில் ஏறி ‘டொ’ ஆகிவிடும், ‘ி’ முன்னால் அநாதையாக நிற்கும்.

பலர் கவனிக்காத சிக்கல் இன்னொன்று. ‘ொ’ ஒரே குறியெண்ணாகவும் இருக்கலாம், ‘ெ’, ‘ா’ என இரண்டாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒப்பிட்டால் ‘சமமில்லை’ என்றுதான் வரும். தேடல் வேலை செய்யவில்லை என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன். யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸ் செயற்கூறில், பிரிந்த குறியெண்களை ஒன்றுசேர்க்கும் என்எஃப்சி வடிவத்தைக் கேட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

சரி, எழுத்தை எப்படி எண்ணுவது? வடிவம் கொடுத்துத் தேடுவதற்காகப் பைத்தானோடு வரும் ‘ரீ’ நூலகம் போதாது. ‘ரீஜெக்ஸ்’ தொகுப்பைத் தனியாக நிறுவி, பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் சேர்ந்த வடிவத்தால் தேடுங்கள். ‘கொ’, ‘டி’ என இரண்டு கிடைக்கும். ஸ்விஃப்ட் நிரல்மொழியில் இந்தப் பாடே இல்லை, நீளம் சொல்லும் அதன் கவுண்ட் இப்படித்தான் எண்ணுகிறது. ஆனால் ‘க்ஷ’ இந்த இரண்டு வழியிலும் ‘க்’, ‘ஷ’ என இரண்டாகப் பிரியும். அதை ஒன்றாக எண்ண வேண்டுமென்றால் நீங்களே தனி விதி எழுத வேண்டும்.