கற்றாழைச் சாறு படித்தால் வேலை கிடைக்குமா?

மகளுக்கு வேதியியல் நன்றாக வருகிறது, செடிகள் மேல் பிரியம், தாவரச் சாறு ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறாள். உறவினர்களோ கடன் வாங்கியாவது மருத்துவத்தில் சேர்த்துவிடச் சொல்கிறார்கள். என்ன செய்வது என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் நோயாளிகளோடு இருக்க எனக்கு விருப்பமில்லை என்று மகளே சொன்ன பிறகு, மருத்துவம் அவளுக்கான படிப்பு இல்லை. அதற்காக வீட்டை அடகு வைக்கவே வைக்காதீர்கள். யோசனை சொல்லும் உறவினர் யாரும் தவணை கட்டப் போவதில்லை.

அவள் கேட்கும் துறையைப் பார்ப்போம். மெக்சிகோவிலும் அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களிலும் வளரும் அகேவ் கற்றாழையில் (சோற்றுக்கற்றாழை வேறு இனம்) சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் இருக்கிறது. அதன் மூலக்கூறில் ஒரு பகுதி நீரோடு சேரும், மறுபகுதி மெழுகோடும் எண்ணெயோடும் சேரும். அதனால் அதைக் கலந்து தெளித்தால், மெழுகு படிந்த இலையில் பயிர் மருந்துத் துளி உருண்டு ஓடாமல் பரவுகிறது. தண்ணீரை ஏற்காத மண்ணும் நனைகிறது. சில பூஞ்சைகளின் செல் சவ்வையும் அது சிதைக்கும். அகேவுக்கு நெருங்கிய உறவான மோஹாவி யுக்கா என்ற செடியின் சாற்றைக் கோழி, பன்றித் தீவனத்தில் கலக்கிறார்கள், கொட்டகையில் அமோனியா நெடி குறைவதற்காக. நாருக்காக வளர்க்கும் சிசல் கற்றாழையின் இலையில் நார் ஏறத்தாழ 4 சதவீதம்தான். மிச்சமுள்ள சாற்றிலிருந்து ஹெகோஜெனின் என்ற சேர்மத்தை எடுத்து ஸ்டீராய்டு மருந்துகளும் செய்திருக்கிறார்கள்!

இயற்கைப் பொருள் என்பதால் ஆபத்தில்லை என்று அவள் நினைத்துவிடக் கூடாது. சப்போனின் மீன்களைக் கொல்லும், பச்சைச் சாறு தோலை அரிக்கும். எவ்வளவு தெளிக்கலாம், ஒவ்வொரு தொகுதியிலும் சப்போனின் ஒரே அளவில் இருக்கிறதா, கெடாமல் எத்தனை நாள் நிற்கும், இதையெல்லாம் சோதித்துச் சொல்ல ஆள் வேண்டும். வேலை அங்கேதான்: தரக் கட்டுப்பாட்டு ஆய்வகம், தயாரிப்புப் பிரிவு, வயல் சோதனை, அரசுப் பதிவுக்கான ஆவணப் பணி.

இளநிலையில் வேதியியலோ வேளாண்மையோ போதும். தாவர வேதியியல் முதுநிலையில் வரட்டும். புதுப் பெயர் வைத்து அதிகக் கட்டணம் கேட்கும் பட்டங்களைத் தவிர்த்துவிடுங்கள். சம்பளம் தொடக்கத்தில் சுமாராகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். கடன் இல்லாமல் படித்தால் அதைத் தாங்கலாம்.

சேரும் முன் மகளோடு கல்லூரிக்குப் போங்கள். சேர்மங்களைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராபி கருவியை மாணவர்களே இயக்குகிறார்களா என்று ஆய்வகத்தில் கேளுங்கள். இல்லை என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.