பி.இ. 6-இல் கிடைக்கும் சிப் கம்பெனிப் பங்கு மலிவா? எகனாமிக் ப்ராஃபிட் கணக்கில் எப்படி மதிப்பிடுவது?

பங்கின் விலை, ஒரு பங்குக்கு வரும் வருட லாபத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதுதான் பி.இ. ஆறு மடங்கு என்கிறீர்களே, அது எந்த வருடத்து லாபத்துக்கு ஆறு மடங்கு என்று முதலில் பாருங்கள். சிப் தொழிலில், அதுவும் மெமரி சிப்பில், லாபம் உச்சியில் நிற்கும்போதுதான் பி.இ. அடியில் கிடக்கும். அடுத்த வருடம் லாபம் சரியும் என்று சந்தைக்குத் தெரியும், அதனால் விலையை அந்த அளவுக்கு ஏற்றாது. நஷ்ட வருடத்தில் பி.இ. என்ற எண்ணே இருக்காது. ஆக, மலிவு மாதிரி தெரிவதே எச்சரிக்கையாக இருக்கலாம். எகனாமிக் ப்ராஃபிட் முறை இங்கே உதவும், ஆனால் சூத்திரத்தில் எண்களைப் போட்டால் மட்டும் போதாது.

நான் நகரியில் விசைத்தறிக்காரர்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். ஊர் ஆந்திராவில், பேச்சு தமிழில். கூலிக்குத் தறி ஓட்டும் என் பெரியப்பாவிடம் மாதம் என்ன நிற்கிறது என்று கேட்டால், மீட்டர் கூலியில் ஆள் சம்பளம், கரண்ட், ஸ்பேர் எல்லாம் போக முப்பதாயிரம் என்பார். ஷெட்டுக்கும் தறிக்கும் போட்ட இருபது லட்சத்தை இரண்டு ரூபாய் வட்டிக்கு வெளியே விட்டிருந்தால் மாதம் நாற்பதாயிரம் வந்திருக்குமே என்றால், "அது வீட்டுப் பணம்டா, அதுக்கு ஏது வட்டி?" என்பார். (வெளியே விட்டால் அசலே திரும்பாமல் போகலாம் என்பது வேறு கதை.) அந்த வீட்டுப் பணத்துக்கும் வட்டி போட்டுக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் எகனாமிக் ப்ராஃபிட். வழக்கமான லாப நஷ்டக் கணக்கு வங்கிக் கடனுக்கு வட்டி கழிக்கும், பங்குதாரர் பணத்துக்குக் கழிக்காது.

சாதாரண ஐ.டி. கம்பெனிக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, அங்கே முடங்கும் மூலதனம் குறைவு. சிப் ஆலையில் எல்லாமே மூலதனம்தான். 1987-இல் தொடங்கிய தைவான் சிப் ஆலைக் கம்பெனி டிஎஸ்எம்சி செய்வதும் ஒருவகையில் கூலி நெசவுதான்: டிசைன் ஆப்பிளுடையது, என்விடியாவுடையது, ஓட்டித் தருவது இவர்கள். ஆனால் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் விற்கும், சிப்பில் மிக நுண்ணிய கோடுகளைப் பதிக்கும் இயுவி இயந்திரம் ஒன்றே 15 கோடி டாலருக்கு மேல். டிஎஸ்எம்சி 2023, 2024 இரண்டிலும் வருடத்துக்கு ஏறக்குறைய 3,000 கோடி டாலரை ஆலைகளில் போட்டது.

சரி, கணக்குக்கு வருவோம். கடனில்லாத ஒரு கற்பனைக் கம்பெனி. போட்ட மூலதனம் 10,000 கோடி ரூபாய். அந்தப் பணத்துக்கு நியாயமாக எதிர்பார்க்க வேண்டியது 12 சதவீதம், அதாவது வருடம் 1,200 கோடி. நான்கு வருடங்களில் வரி போக இயக்க லாபம் 2,400, 1,600, 200, அப்புறம் 200 கோடி நஷ்டம். சராசரி 1,000 கோடி. 1,200-ஐக் கழித்தால் வருடா வருடம் சராசரியாக 200 கோடி பள்ளம். அது அப்படியே நீடித்தால் அதன் இன்றைய மதிப்பு 200-ஐ 0.12-ஆல் வகுத்தது, சுமார் 1,667 கோடி. மூலதனம் 10,000-இல் அதைக் கழித்தால் கம்பெனியின் மதிப்பு 8,333 கோடி. இப்போது உச்ச வருடத்து லாபமான 2,400-ஐ உங்கள் பி.இ. 6-ஆல் பெருக்குங்கள்: 14,400 கோடி. மலிவு என்று சொன்ன விலை, மதிப்பைவிட எழுபது சதவீதத்துக்கும் மேல் கூடுதல்.

இது கற்பனையில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்க மெமரி சிப் கம்பெனியான மைக்ரானின் 2022 நிதியாண்டு நிகர லாபம் சுமார் 869 கோடி டாலர். அடுத்த ஆண்டு 583 கோடி நஷ்டம். 2024-இல் 78 கோடி லாபம். மூன்றும் சேர்ந்து 364 கோடி. அந்த நிதியாண்டுகளின் முடிவில் பங்குதாரர் பணம் 4,400 கோடி டாலருக்குக் குறையவில்லை. பத்து சதவீதம் போட்டாலே மூன்று வருடத்துக்கு 1,320 கோடி வேண்டும். 2025-இல் ஏஐ தேவையால் லாபம் மறுபடி சுமார் 850 கோடிக்கு எழுந்தது. அதையும் சேர்த்தால்கூட நான்கு வருடக் கணக்கு நேராகவில்லை. மைக்ரான் மோசமான கம்பெனி என்று நான் சொல்லவில்லை. ஜப்பானின் மெமரி சிப் கம்பெனி எல்பிடா 2012-இல் திவாலானபோது அதை வாங்கி நிமிர்த்தியது இதே மைக்ரான்தான். ஒரே ஒரு வருடத்தை வைத்து எடை போடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். ஒரு முழுச் சுழற்சி, முடிந்தால் இரண்டு.

இனி கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் தேய்மானம், அதாவது இயந்திரத்தின் விலையை அதன் ஆயுள் வருடங்களுக்குப் பிரித்து வருடா வருடம் செலவாக எழுதுவது. 2023 ஜனவரியிலிருந்து இன்டெல் தன் உற்பத்தி இயந்திரங்கள் சிலவற்றின் ஆயுளை 5 வருடத்திலிருந்து 8 வருடமாக நீட்டியது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் தேய்மானம் சுமார் 420 கோடி டாலர் குறையும் என்று கம்பெனியே சொன்னது. ஒரு சிப்கூடக் கூடுதலாக விற்காமல் செலவு குறைகிறது. எகனாமிக் ப்ராஃபிட் கணக்கு இதைக் கொஞ்சம் தானே சரிசெய்யும்: தேய்மானம் குறைந்தால் நிகர மூலதனம் மெதுவாகக் கரையும், அதன் மேல் போடும் வட்டி கூடும். ஆனால் அது வருடக்கணக்கில் மெல்ல நடப்பது. லாபம் ஏறுவதோ முதல் வருடத்திலேயே. 2024-இன் மூன்றாம் காலாண்டில் இதே இன்டெல், பெரும்பாலும் 'இன்டெல் 7' என்ற தயாரிப்பு முறைக்கான ஆலைச் சொத்துகளுக்காக, சுமார் 310 கோடி டாலரைச் செலவாக எழுதியது. டிஎஸ்எம்சி ஏறக்குறைய 5 வருடத்திலேயே இயந்திரத்தைக் கழித்துவிடும். இரண்டையும் ஒப்பிடுவதென்றால் ஒரே ஆயுளுக்குக் கொண்டுவந்த பிறகுதான்.

எதிர்த் திசையிலும் ஒரு ஏமாற்று உண்டு. முழுக்கத் தேய்ந்த பழைய ஆலை புத்தகத்தில் பூஜ்யமாக இருக்கும், ஆனால் சிப் போட்டுக்கொண்டே இருக்கும். அப்போது மூலதன வருவாய் விகிதம் அள்ளிக்கொண்டு போகும். அதைப் பார்த்து மயங்கவேண்டாம், புது ஆலைக்குப் போடும் பணத்துக்கு அந்த விகிதம் வராது. நான் தேய்மானம் போன நிகர மதிப்பிலும் வாங்கிய விலையிலும் இரண்டு முறை கணக்குப் போடுவேன். இரண்டிலும் மூலதனச் செலவை, அதாவது போட்ட பணத்துக்கு எதிர்பார்க்கும் வட்டியை, தாண்டினால்தான் நம்புவேன்.

கட்டிக்கொண்டிருக்கும் ஆலையை மூலதனத்தில் சேர்க்கக் கூடாது, அது இன்னும் சம்பாதிக்கவில்லை என்று சில ஆய்வாளர்கள் விட்டுவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்டெலின் ஒஹாயோ ஆலை 2025-இல் ஓடும் என்று 2022-இல் சொன்னார்கள், பிறகு 2030–31 என்று தள்ளிப் போட்டார்கள். பணம் மண்ணில் கிடக்கும் வருடங்களுக்கும் வட்டி ஓடத்தானே செய்யும்? மூலதனச் செலவைவிடக் குறைவாகச் சம்பாதிக்கும் கம்பெனி 'மாபெரும் விரிவாக்கம்' அறிவித்தால் அது பங்குதாரருக்குக் கெட்ட செய்தி. டிஎஸ்எம்சி மாதிரி பங்குதாரர் பணத்தில் 30 சதவீதம் (2024 கணக்கு) ஈட்டும் இடத்தில் அதே அறிவிப்பு நல்ல செய்தி.

மானியம் பற்றிக் கேட்பீர்கள். எல்லையில் இருக்கிற எங்களுக்கு இது பழக்கம். அந்தப் பக்கம், தமிழ்நாட்டின் பொதட்டூர்ப்பேட்டையில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசம், அதனாலேயே யாருக்கு எந்த விலை கட்டும் என்பது மாறும். சிப்பிலும் அப்படித்தான். மைக்ரானின் சானந்த் ஆலை 275 கோடி டாலர் திட்டம். பாதி மத்திய அரசு, 20 சதவீதம் குஜராத், மைக்ரானின் பங்கு அதிகபட்சம் 82.5 கோடி. பங்குதாரராக நீங்கள் வட்டி போட வேண்டியது இந்த 82.5 கோடிக்கு மட்டும். ஆனால் ஒரு முறை முழுத் தொகைக்கும் போட்டுப் பாருங்கள். அதில் பள்ளம் விழுந்தால், அடுத்த ஆலையும் அரசு கை கொடுத்தால்தான் நிற்கும் என்று அர்த்தம். 2025 ஆகஸ்டில் ஆந்திராவுக்கு ஒப்புதலான 468 கோடி ரூபாய்த் திட்டமும் சானந்தும் பேக்கேஜிங் (தயாரான சிப்பை உறையிட்டுச் சோதிக்கும்) வேலைக்குத்தான், சிலிக்கான் வில்லையில் சிப் போடும் ஆலை இல்லை. அங்கே போடும் பணமும் குறைவு, கிடைக்கும் லாப விகிதமும் மெல்லியது. தோலேராவில் டாடா கட்டும் 91,000 கோடி ரூபாய் ஆலையோடு ஒரே தட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

கடைசியாக நான் கணக்கைத் தலைகீழாகவும் போடுவேன். அதே 10,000 கோடி மூலதனக் கம்பெனியின் சந்தை மதிப்பு 30,000 கோடி என்று வையுங்கள். மிச்சம் 20,000-க்கு 12 சதவீதம் என்றால், வருடம் 2,400 கோடி எகனாமிக் ப்ராஃபிட் என்றென்றைக்கும் வரவேண்டும். அதாவது சரிவு வருடங்களையும் சேர்த்துச் சராசரியாக 36 சதவீத வருவாய். நீங்கள் பார்த்துவைத்திருக்கும் கம்பெனியின் பத்து வருட அறிக்கையை எடுத்து, இயக்க லாபம், வரி, நிகர மூலதனம் மூன்றையும் வருடவாரியாக எழுதி இங்கே பின்னூட்டத்தில் போடுங்கள். எந்தெந்த வருடங்களில் மூலதனத்துக்கான வட்டியைத் தாண்டிச் சம்பாதித்திருக்கிறது என்று சேர்ந்தே பார்த்துவிடலாம்.