தவறான எண் பலகையுடன் காரை ஓட்டினால் அபராதத்தோடு முடிந்துவிடுமா?

நீங்கள் வாங்கிய பழைய காரின் எண் பலகையில் ஓர் எழுத்து பதிவுச் சான்றிதழோடு பொருந்தவில்லை என்றும், திருத்தும்வரை அப்படியே ஓட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஓட்டாமல் இருப்பதே நல்லது.

எழுத்தின் அளவு மாறியிருப்பதும் வண்ணம் மங்கியிருப்பதும் பெரும்பாலும் அபராதத்தோடு போய்விடும். பலகை வேறொரு வாகனத்தின் எண்ணைக் காட்டுமானால் நிலைமை வேறு. அடையாளத்தை மறைக்கும் நோக்கம் இருந்ததா என்ற கேள்வி எழுந்து, பல நாடுகளில் அது மோசடி வழக்காகவே மாறி, சிறைத்தண்டனை வரை செல்லக்கூடும். பலகையைப் பொருத்தியவர் முந்தைய உரிமையாளர்தான் என்பது தண்டனையைக் குறைக்கலாமே தவிர, சாலையில் ஓட்டியவரைப் பொறுப்பிலிருந்து முழுமையாக விடுவிக்கும் என்று சொல்ல முடியாது.

கண்காணிப்புக் கேமரா பதிவுசெய்யும் விதிமீறலுக்கான அறிவிப்பு அந்த எண்ணுக்கு உரியவரின் முகவரிக்குப் போகும். அவர் புகார் அளித்தபின் நீங்கள் பிடிபட்டால், எழுத்துப்பிழை என்ற விளக்கத்தை நம்பவைப்பது கடினம். திருட்டு வாகனமோ என்ற ஐயத்தில் காவல்துறை காரைக் கைப்பற்றவும் கூடும். விபத்து நேர்ந்தாலோ, காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டு விண்ணப்பத்தை ஆராயும்போது இம்முரண்பாட்டைக் காரணம் காட்டி இழுத்தடிக்கலாம், மறுக்கவும் முயலலாம். (காப்பீட்டுப் பத்திரத்தில் உள்ள எண்ணையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.)

காரின் உடலில் பொறிக்கப்பட்டிருக்கும் அடிச்சட்ட எண்ணை (சேஸிஸ் எண்) பதிவுச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். அது பொருந்தினால் பிழை பலகையில் மட்டுமே இருக்கக்கூடும்; அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் புதிய பலகை பெற்றுக்கொள்ளலாம். பொருந்தாவிட்டால், விற்பனை ஆவணங்களுடன் நீங்களே முன்வந்து காவல்துறையையும் வாகனப் பதிவு அலுவலகத்தையும் அணுகுங்கள். காரை அங்கே கொண்டுசெல்ல நேர்ந்தால் மீட்பு வண்டியில் ஏற்றியே அனுப்புங்கள்.