ஒட்டுண்ணிக் குளவிகள்: படம் பார்த்துப் பிரிப்பது எப்படி?

சம்மாந்துறை வட்டையில் எடுத்த இரண்டு படங்கள். இரண்டிலும் மெலிந்த உடல், நீண்ட உணர்கொம்பு. ஒன்று இக்நியூமோனிட் குடும்பம், மற்றது பிரகோனிட் குடும்பம் என்கிறார்கள். எதை வைத்துச் சொல்வது?

நிறத்தை விடுங்கள், முன்செட்டையைப் பாருங்கள். அதன் நடுவிலுள்ள நரம்பிலிருந்து பின் ஓரத்தை நோக்கி இறங்கும் குறுக்கு நரம்பு இரண்டு இருந்தால் இக்நியூமோனிட். வெளிப்பக்கத்து நரம்பு இல்லாமல் ஒன்று மட்டும் இருந்தால் பிரகோனிட். விலக்குகள் சில உண்டு என்பதால் வயிற்றையும் பார்ப்பது நல்லது. பிரகோனிட்டின் 2ஆம், 3ஆம் முதுகுத் தகடுகள் ஒன்றாக ஒட்டியிருக்கும்.

உங்கள் படங்களில் செட்டைகள் முதுகின்மேல் மடிந்திருக்கின்றன. நரம்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதால் எண்ண முடியவில்லை. செத்த குளவி கிடைத்தால் ஒரு முன்செட்டையை அடியோடு கழற்றி, கண்ணாடித் துண்டில் ஒரு துளி தண்ணீரில் விரியுங்கள். அடியில் வெள்ளைக் காகிதம் வைத்து, போனில் கிளிப் லென்ஸ் மாட்டி நேர் மேலிருந்து எடுங்கள். ஃப்ளாஷ் போட்டால் செட்டை மினுங்கி நரம்பு மறைந்துபோகும்.

மஞ்சள் உடல், கறுப்புப் புள்ளி. சாந்தோபிம்ப்லா பங்க்டாட்டா தானே? (கல்முனை)

சாந்தோபிம்ப்லா என்பது சரி. பங்க்டாட்டாவில் வயிற்றின் 1, 3, 5, 7ஆம் வளையங்களில் புள்ளிச் சோடிகள் இருக்கும். ஆனால் புள்ளிகளை மட்டும் நம்பி இனப்பெயர் எழுத வேண்டாம். முட்டையிடும் ஊசி பின்கணைக்காலைவிட எவ்வளவு நீளம் என்பதும் வேண்டும். மேலிருந்து ஒரு படம், ஊசி முழுதும் தெரியப் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். ஆணுக்கு ஊசியே இல்லை. அதைச் சாதிப்பெயரோடு, அதாவது சாந்தோபிம்ப்லா என்பதோடு, நிறுத்துவதுதான் நேர்மை.

புழுவின்மேல் வெள்ளைக் கூடுகள். போத்தலில் வைத்தேன், பச்சை மினுக்கத்தோடு பொடிக் குளவிகள் வந்தன. இவைதான் கொட்டேசியாவா? (களுவாஞ்சிக்குடி)

இல்லை. கொட்டேசியா என்பது புழுவினுள் வளர்ந்து வெளியே வந்து கூடு கட்டும், உலோக மினுக்கம் இல்லாத கறுப்புக் குளவி. உங்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கொட்டேசியாவையே தின்று வளர்ந்த இரண்டாம் நிலை ஒட்டுண்ணிகள். வெறுங்கூடுகளை லென்ஸில் பாருங்கள். கொட்டேசியா வெளியேறும்போது கூட்டின் ஒரு நுனியை மூடி திறந்தாற்போல வட்டமாக வெட்டும். மற்றவை பக்கத்தில் ஒழுங்கற்ற துளை போடும். கூட்டின் படத்தையும் சேர்த்து அனுப்பாவிட்டால் இந்த வேறுபாடு தெரியாமலே போகும்.

சமையலறையில் கறுப்புக் குளவி, குட்டி வயிற்றைக் கொடிபோல ஆட்டுகிறது. (ஏறாவூர்)

இவானியிட் குடும்பம். கரப்பான் முட்டைக்கூட்டில் வளர்வது. கொல்ல வேண்டாம்.

தண்டுதுளைப்பான் முட்டைக் குவியலில் இருந்து வந்த, கண்ணுக்கே தெரியாத குளவிகளைப் படத்தில் பிரிக்கலாமா? (அக்கரைப்பற்று)

சாதி வரை முடியும். உருப்பெருக்கியின் கண்வில்லையில் போனை வைத்துப் பாதத்தின் கணுக்களை எண்ணுங்கள்: ட்ரைக்கோகிராமாவுக்கு 3, டெட்ராஸ்டிக்கஸுக்கு 4, டெலினோமஸுக்கு 5. டெட்ராஸ்டிக்கஸ் நீலப்பச்சையாய் மினுங்கும், டெலினோமஸ் கறுப்பு, ட்ரைக்கோகிராமாவுக்குச் சிவந்த கண். ட்ரைக்கோகிராமாவின் இனத்தைச் சொல்ல ஆணின் இனப்பெருக்க உறுப்பைக் கண்ணாடியில் பதித்துப் பார்க்க வேண்டும். படத்துக்கு அது எட்டாது. குளவிகளை வீசிவிடாமல் சிறு குப்பியில் 95% எதனோலில் போட்டு, இடம், திகதி, எந்தப் பூச்சியின் முட்டை என்று பென்சிலால் எழுதிய துண்டை உள்ளேயே இடுங்கள். பேனை மை எதனோலில் கரைந்துவிடும்.