கேள்வி பதில்: பைலிங் கம்பெனிகளுக்கு எதுக்கு ஒரு சங்கம்?

கேள்வி: சார், சிவில் முடிச்சிட்டு பைலிங் (மண்ணுக்குள்ள ஆழமா தூண் மாதிரி அஸ்திவாரம் போடுற வேலை) கம்பெனில சைட் இன்ஜினியரா இருக்கேன். எங்க கம்பெனி தொழில் சங்கத்துல மெம்பர், வருஷா வருஷம் சந்தா கட்டுறாங்க. டின்னர், விருது, விசிட்டிங் கார்டு தவிர இதனால டெக்னாலஜிக்கு நிஜமாவே ஏதாவது ஆகுதா?

பதில்: ஆகுதுங்க. டின்னரும் இருக்கத்தான் செய்யும், அதை விடுங்க. நம்ம வேலையில பெரிய சிக்கலே போட்டதெல்லாம் மண்ணுக்குள்ள போயிடுறதுதான், தோண்டிப் பார்த்தாலோ டெஸ்ட் பண்ணினாலோ தான் கோளாறு தெரியும், தெரிஞ்சாலும் எந்த கம்பெனியும் அதை வெளியில சொல்லாது, சொன்னா அடுத்த டெண்டர் கோவிந்தா. அப்படியே ஆளாளுக்கு அதே தப்பை தனித்தனியா பண்ணி தனித்தனியா காசை விட்டுட்டு இருப்பாங்க. சைட் பேரு கம்பெனி பேரு எதுவும் சொல்லாம அதையெல்லாம் ஒரே மேஜையில கொட்டிப் பேச ஒரு இடம் வேணும்ல? சங்கம் உருப்படியா பண்ற வேலை அதுதான்னு நான் சொல்வேன்.

டிரெமி காங்கிரீட்டையே, அதாவது தண்ணியோ சேறோ நிக்கிற துளையில குழாய் வழியா அடியிலிருந்து ஊத்துற காங்கிரீட்டையே எடுத்துக்கோங்க. கம்பிக் கூடு வர வர நெருக்கமாயிடுச்சு, காங்கிரீட்ல தண்ணி குறைஞ்சு அட்மிக்ஸ்சர் (கலவையோட தன்மையை மாத்துற கெமிக்கல்) கூடிடுச்சு, ஆனா சைட்ல மட்டும் பழையபடி ஸ்லம்ப் (கூம்புல நிரப்பி கூம்பை எடுத்தா கலவை எவ்வளவு இறங்குதுங்கிற டெஸ்ட்) பார்த்துட்டு ஓகேன்னு ஊத்திட்டு இருந்தாங்க. கவர் பகுதியில, அதாவது கம்பிக்கு வெளிப்பக்கம், காங்கிரீட் சரியா நிரம்பாம கம்பி தடம் அப்படியே தெரியறது, தண்ணி கசிஞ்சு மேல ஏறின வாய்க்கால் மாதிரி கோடு, நடுவுல சேறு மாட்டிக்கிறதுன்னு பிரச்சனைகள் வந்துச்சு. கான்ட்ராக்டர் ரெடிமிக்ஸ்காரரைச் சொல்வாரு, அவரு டிசைனரைக் கை காட்டுவாரு. ஐரோப்பாவோட அஸ்திவார கான்ட்ராக்டர்கள் கூட்டமைப்பு ஈஎஃப்எஃப்சியும் அமெரிக்காவோட ஆழ அஸ்திவார சங்கம் டிஎஃப்ஐயும் சேர்ந்து ஒரு குழு போட்டு, மியூனிக் தொழில்நுட்ப பல்கலைக்கழகத்தையும் அமெரிக்காவோட மிசூரி பல்கலைக்கழகத்தையும் ஆராய்ச்சிக்கு இழுத்து, 2016-ல ஒரு வழிகாட்டி போட்டாங்க, 2018-ல ரெண்டாவது பதிப்பு. ஸ்லம்ப் மட்டும் போதாது, ஸ்லம்ப் ஃப்ளோ (கலவை எவ்வளவு அகலமா பரவுதுன்னு) பாரு, எவ்வளவு நேரம் அந்த ஓட்டம் தாங்குதுன்னு பாரு, தண்ணி எவ்வளவு கசியுதுன்னு பாரு, கம்பி இடைவெளியை டிசைன் டேபிள்லயே யோசின்னு அதுல இருக்கு. ஒரு தனி கம்பெனி இதே ஆராய்ச்சியைப் பண்ணியிருந்தா லாக்கர்ல வெச்சு பூட்டியிருக்கும், இவங்க இலவசமா டவுன்லோட் பண்ண விட்டுட்டாங்க.

இன்னொண்ணு ரிக், அதாவது துளை போடுற பெரிய மெஷின், நிக்கிற தரை. டெக்னாலஜின்னா புது மெஷின்னு நினைக்கிறோம், ஆனா அந்த மெஷின் சாயாம நிக்கணுமே! பிரிட்டன்ல பைலிங் கம்பெனிகளோட சங்கம் எஃப்பிஎஸ் முன்கை எடுத்ததுல 2004-ல கட்டட ஆராய்ச்சி பண்ற பிஆர்இ நிறுவனம் அந்த தளத்தை எப்படி டிசைன் பண்றதுன்னு ஒரு அறிக்கை போட்டுச்சு. கூடவே மெயின் கான்ட்ராக்டர் 'தளம் முறையா டிசைன் பண்ணி போட்டிருக்கு, பராமரிப்போம்'னு எழுதி கையெழுத்து போட்டாத்தான் ரிக் ஏறும்னு ஒரு சர்டிபிகேட் முறையும் வந்துச்சு. ஒரே ஒரு சப் கான்ட்ராக்டர் தனியா போய் இதைக் கேட்டிருந்தா வேலையை வேற ஆளுக்குக் கொடுத்திருப்பாங்க, எல்லாரும் சேர்ந்து கேட்டதாலதான் நடந்துச்சு.

கேள்வி: பெரிய கம்பெனிகள் தங்களுக்கு வசதியா விதி எழுதிக்க மாட்டாங்களா?

பதில்: எழுதப் பார்ப்பாங்க, சந்தேகமே வேணாம். கமிட்டில யாரு யாரு இருக்காங்கன்னு பாருங்க. டிசைனர், கிளையன்ட், காங்கிரீட் சப்ளையர், பல்கலைக்கழகம்னு எதிர்த்துப் பேசக்கூடிய ஆளுங்க இருந்தா நம்பலாம், மெஷின் விக்கிறவங்க மட்டும் இருந்தா அது கேட்லாக். அமெரிக்காவுல 1972-ல ஆரம்பிச்ச ஏடிஎஸ்சி, துளை போடுற கான்ட்ராக்டர்களோட சங்கம்தான், ஆனா பேராசிரியர்கள் லைமன் ரீஸும் மைக்கேல் ஓ'நீலும் அரசோட நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதி 1988-ல வந்த டிரில்டு ஷாஃப்ட் (துளை போட்டு காங்கிரீட் ஊத்துற பைல்) கையேட்டுல அந்த சங்கமும் சேர்ந்திருந்துச்சு. துளை போடுறவனுக்குத் தெரிஞ்சது டிசைன் பண்றவன் கைக்கும் போகணும்னா இப்படித்தான் போகும்.

கேள்வி: ஜூனியர் நான் என்ன பண்ண முடியும்?

பதில்: முதல்ல கம்பெனி மெம்பர்ஷிப்ல என்னென்ன டாக்குமென்ட் கிடைக்குதுன்னு கேளுங்க, பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. அப்புறம் உங்க சைட்ல காங்கிரீட் வந்த நேரம், ஊத்தின நேரம், டிரெமி குழாயை எவ்வளவு தூக்கினாங்க, இன்டெக்ரிட்டி டெஸ்ட் (பைலுக்குள்ள கோளாறு இருக்கான்னு பாக்குறது) என்ன சொல்லுச்சு, எல்லாத்தையும் ஒழுங்கா எழுதி வைங்க. கமிட்டிக்காரங்க கருத்தை விட இந்த மாதிரி ரெக்கார்டுக்குத்தான் அலையறாங்க. அனுப்புறதுக்கு முன்னாடி மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, கான்ட்ராக்ட்ல ரகசிய ஷரத்து ஏதாவது இருக்கும்.